இன்னொரு தேங்காய் மூடி

மார்ச் 3, திங்கள்

நாளை முதல் இருபது நாட்களுக்கு என் வீட்டில் சினிமா எடுக்கப்போகிறார்கள். ஆகையால் இன்றிலிருந்தே எழுதி வைப்பதுதான் உத்தமம். பின்னால் "அது முன்னாடியே உடைஞ்சிருந்துது சார்" என்று யாரும் என்னிடம் கதை விட முடியாது. எடை அளவு முத்திரை ஆய்வாளராக இருபத்தொன்பது வருடம் உறையூரிலிருந்து துறையூர் வரை கடை கடையாகத் தராசு சோதித்தவன் நான். தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். கடைக்காரன் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பான்.

வீட்டில் உள்ளவை: எவர்சில்வர் டம்ளர் பன்னிரண்டு, அதில் ஒன்று விளிம்பு நசுங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி ஆறு. சுவர்க் கடிகாரம் ஒன்று, மூன்று நிமிடம் வேகம். எண்ணெய்ப் பாட்டிலில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். பெருங்காய டப்பாவிலும் போட்டேன்.

இந்த ஏற்பாடு கோவையில் இருக்கும் என் மகன் பிரபுசங்கருடையது. "ஆள் நடமாட்டம் இருக்கும்பா, வீடும் கலகலன்னு இருக்கும்" என்றான். கலகலப்பு எனக்கெதற்கு? வீட்டை அடைத்தே வைத்திருந்தால் கரையான் ஏறும் என்பதால்தான் சம்மதித்தேன்.

தில்லைநாயகியும் கோவையில்தான் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். எட்டு மாதம் ஆகிறது. பேரனுக்குப் பதினொரு வயது. போகும்போது தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வேனில் பதினாறு பேர் வந்து இறங்கினார்கள். ஒப்பந்தப்படி கூடமும் முன்னறையும் அவர்களுக்கு, பின்னறையும் சமையலறையும் எனக்கு. டைரக்டர் பெயர் இன்பராஜ். முப்பது வயதிருக்கும், தாடி, எதற்கெடுத்தாலும் "சூப்பர் சார்". படத்தின் பெயர் 'மாமனார் வீட்டு மறதி'. நகைச்சுவைப் படமாம். கதை என்ன என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குத் தலையில அடிபட்டு எல்லாம் மறந்துடுது சார். சாப்பாட்டு நேரம் மட்டும் மறக்காது."

"அப்புறம்?"

"அதான் சார் கதை."

பதினாறு பேர் இதற்காகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?

மெர்லின் என்று ஒரு பெண், நீளக் கம்பின் நுனியில் ரோமம் அடர்ந்த மைக்கைக் கட்டிக்கொண்டு வீடெங்கும் நடக்கிறாள். யார் பேசுவதைப் பிடிக்கிறாய் அம்மா என்று விசாரித்தேன்.

"இது பைலட் சார். நடிக்கிறவங்க பின்னாடி ஸ்டூடியோவுல வந்து டப்பிங் பேசுவாங்க. இங்க என்ன பேசினாங்கன்னு அப்ப தெரியணும்ல, அதுக்காகப் பிடிச்சு வைக்கிறது. படத்துல இந்தச் சத்தம் வராது. நீங்க கவலையே படாதீங்க."

கவலைப்படாதே என்று ஒருவர் தானாக வந்து சொன்னால் நான் உடனே கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன். அது தொழில் பழக்கம்.

மார்ச் 5, புதன்

பின்னறைக் கதவிடுக்கு வழியாக ஒரு மணி நேரம் பார்த்தேன். மாப்பிள்ளை வாழைப்பழத் தோலைத் தின்றுவிட்டுப் பழத்தை எறிகிறான். ஏழு முறை எடுத்தார்கள். ஏழு முறையும் ஒருவரும் சிரிக்கவில்லை. லைட் பிடிப்பவர் கொட்டாவி விட்டார். சிரிப்பே வராத சிரிப்புப் படம். இது வேறெதற்கோ போர்வை என்று நினைக்கிறேன்.

மாலையில் டம்ளர் எண்ணினேன். பதினொன்று. பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "நசுங்கின டம்ளரை எடுத்தது யாரு?" என்று கேட்டேன். அப்போது ஏதோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். இன்பராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மார்ச் 6, வியாழன்

டம்ளர் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. யார் கொண்டுவந்து வைத்தார்களோ.

மார்ச் 8, சனி

காலையில் சட்னிக்குத் தேங்காய் உடைத்தேன். பதினோரு மணிக்குப் பார்க்கிறேன், ஃப்ரிட்ஜில் ஒரு மூடிதான் இருக்கிறது. வீட்டில் பதினாறு பேர் அந்நியர். நான் என்ன நினைப்பேன்? சமையலறையில் நின்றபடியே குரல் கொடுத்தேன்.

"இன்னொரு மூடி எங்க?"

கூடத்தில் பேச்சு நின்றது.  குப்பைவாளியை ஒரு பழைய தகரத் தட்டால் மூடி வைப்பது வழக்கம். அதைத் தூக்கிப் பார்த்தேன். கை நழுவித் தட்டு தரையில் விழுந்து உருண்டு, சுழன்று, வெகுநேரம் சத்தம் போட்டு அடங்கியது. அதற்குப் பிறகுதான் கூடத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து நாளில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு தேங்காய் மூடியில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்பராஜ் வந்து, "சார், ஷாட் போகும்போது மட்டும் கொஞ்சம்..." என்றான். மூடி வரட்டும், அப்புறம் பேசலாம் என்றேன்.

மூடி விஷயம் மத்தியானம் முடிந்துவிட்டது. விவரம் தேவையில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தில்லையின் போன் வரும். மோட்டார் ஓடுகிறதா, மாத்திரை போட்டீர்களா என்று இரண்டு கேள்வி. மூன்றாவது கேள்வி இந்த எட்டு மாதத்தில் வந்ததில்லை. இன்று நானாகவே, சினிமாக்காரர்கள் தேங்காய் மூடியில் கைவைக்கப் பார்த்ததைச் சொன்னேன்.



"தில்லை? லைன்ல இருக்கியா?"

"குப்பைவாளியைத் திறந்து பாத்தீங்களா?" என்றாள்.

பிறகு போன் நின்றுவிட்டது. கோவையில் சிக்னல் சரியில்லை போலும்.

மார்ச் 23, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். டம்ளர் பன்னிரண்டு. நாற்காலி ஆறு. எண்ணெய் கோட்டில் இருக்கிறது. ஒன்றுமே குறையவில்லை. இதுதான் எனக்கு இன்னும் உதைக்கிறது.

கிளம்பும்போது மெர்லின் கேட்டாள்: "சார், அந்த மூடி கடைசியில கிடைச்சுதா?"

வேன் ஹாரன் அடித்தது. போய் வா அம்மா என்றேன்.

பத்து மணிக்குப் போன் வந்தது. மோட்டார் ஓடுகிறது என்றேன். மாத்திரை போட்டேன் என்றேன்.

மார்ச் 24, திங்கள்

வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. கடிகாரத்தை மூன்று நிமிடம் குறைத்து வைத்தேன்.

மே 25, ஞாயிறு

இன்பராஜும் மெர்லினும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். கையில் ஒரு கிலோ லட்டு, ஒரு லேப்டாப், ஒரு பத்திரம். லட்டைப் பார்த்தவுடனேயே பத்திரத்தை எடு என்றேன். என் குரலைப் படத்தில் பயன்படுத்திக்கொள்ள நான் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருந்தது.

"என் குரல் உங்க படத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெர்லின்தான் சொன்னாள். படத்தை எடிட் செய்பவர் இரண்டு வாரமாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டியிருக்கிறார். எந்தக் காட்சியிலும் சிரிப்பில்லை. ஒருநாள் பைலட் சத்தத்தோடு ஒரு காட்சியை ஓட்டும்போது விழுந்து விழுந்து சிரித்தாராம்.

லேப்டாப்பில் காட்டினாள். கூடத்தில் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "உலகமே மறந்துபோச்சு, உன் முகம் மட்டும் ஞாபகம் இருக்கு" என்கிறான். பெண் கண்கலங்குகிறாள். உள்ளேயிருந்து ஒரு குரல்: "இன்னொரு மூடி எங்க?" இருவரும் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். செருப்புச் சத்தம். தட்டு விழுந்து உருண்டு சுழன்று அடங்குகிறது. அதுவரைக்கும் அவன் அவள் கையை விடவில்லை.

"இந்த மாதிரி முப்பத்திரண்டு இடம் சார்" என்றான் இன்பராஜ். "பின்ரூம்ல ஒரு பெரியப்பா இருக்கார், அவர் முகத்தையே காட்டப்போறதில்லன்னு கதையை மாத்திட்டோம். நீங்க சென்னைக்கு வந்து ஒருதடவை சுத்தமா டப்பிங் பேசிக் குடுத்துட்டா..."

அது என் குரலே இல்லை என்றேன். என் குரல் அவ்வளவு கடுமையாக இருக்காது. மெஷினில் ஏதோ செய்திருக்கிறார்கள்.

"ஒண்ணும் செய்யல சார்" என்றாள் மெர்லின்.

அனுப்பிவிட்டேன். லட்டையும் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 2, திங்கள்

ஒரு வாரமாக அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை. எழுதிவிட்டால் போகுமா என்று பார்க்கிறேன். இது என் டைரி, வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

போன ஜூலையில் தில்லையின் தம்பி வைரமணி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். இலை போட்டாயிற்று. தில்லை பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒரு மூடி இருந்தது. இன்னொரு மூடி எங்கே என்று கேட்டேன். "அழுகிப்போச்சு, குப்பையில போட்டுட்டேன்" என்றாள். அத்தோடு நான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது போய், தகரத் தட்டு சத்தம் போடக் குப்பைவாளியைத் திறந்து பார்த்தேன்.

அழுகிய மூடி அதில்தான் இருந்தது.

வைரமணியின் மனைவி சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். தில்லை எல்லாருக்கும் மோர் ஊற்றினாள், எனக்கும் ஊற்றினாள். மறுவாரம் கோவைக்குப் போனாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு பொய் சொல்லி நான் பிடித்ததில்லை. அப்படியும் ஒவ்வொரு நாளும் சோதித்திருக்கிறேன். கடைக்காரனைக்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் சோதிப்போம்.

ஜூன் 19, வியாழன்

சென்னை போய் வந்தேன். என் குரலை என்ன செய்கிறார்கள் என்று நேரில் விசாரிக்கத்தான் போனேன். மற்றபடி ஒன்றுமில்லை.

டப்பிங் ஸ்டூடியோ என்பது கதவுக்கும் சுவருக்கும் பஞ்சு வைத்த ஒரு சின்ன அறை. எதிரே திரை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். டம்ளர், ஃபேன், பெருங்காயம் என்று நான் கேட்ட மற்றக் கேள்விகளையெல்லாம் எப்படியோ பேசிவிட்டேன். மூடிக்கு வந்ததும் நின்றுபோனது. முதல்முறை பேசியதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்பராஜ், "சார், ரொம்ப மரியாதையா கேக்கறீங்க" என்றான். பத்தாவது முறை, "சந்தேகம் வரல சார்" என்றான். என்னைப் பார்த்து ஒருவன் இப்படிச் சொல்வான் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

மெர்லின் உள்ளே வந்து தண்ணீர் கொடுத்தாள். "வீட்ல யாரைக் கேப்பீங்களோ, அவங்க எதிர்ல நிக்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டுக் கேளுங்க சார்" என்றாள்.

நினைத்துக்கொண்டேன். கேட்டேன். இன்னொரு மூடி எங்க.

 மறுபடி போட்டுக் கேட்டார்கள். ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆளின் குரல். குனிந்து கைக்குட்டையை எடுக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இது வேணாம் சார்" என்றாள் மெர்லின், மெதுவாக. "இது வேற படம்."

பைலட்டில் விழுந்த பழைய குரலையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். தெருவில் போன ஆட்டோ சத்தமும் அதில் கேட்குமாம், பரவாயில்லையாம். பத்திரத்தை நான்கு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில் காலைக் காட்சி மட்டும். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று தொப்பி போட்டுக்கொண்டு போனேன். படத்தில் என் முகமே கிடையாது என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது.

என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். முதல் இருபது நிமிடம் ஒரு சத்தமில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் செருப்பைத் தேடிக் காலால் துழாவினார், கிளம்பப்போகிறார் என்று தெரிந்தது. அப்போது உள்ளேயிருந்து என் குரல், "நசுங்கின டம்ளரை எடுத்தது யாரு?" என்றது. துழாவின கால் நின்றது. கிழவர் ஒருவர் 'கெக்' என்று சிரித்தார். அதன்பிறகு படத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஜனங்கள் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக் காட்சி வந்தது. தட்டு உருளத் தொடங்கியதிலிருந்து அடங்குகிறவரை பதினேழு பேரில் பதினாறு பேர் நிறுத்தாமல் சிரித்தார்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் என் தொடையில் அடித்து, "எங்க மாமா அச்சு அசல் இப்படித்தான் சார்!" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படம் நன்றாக இருக்கிறது. நான் எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

நான்கு காட்சியாக்கிவிட்டார்கள். காய்கறிக்காரி என்னிடமே, "தேங்கா வேணுமா சார்? ரெண்டு மூடியும் பத்திரம்" என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஊரே சொல்கிறது. குரல் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய ஒருத்தி இருக்கிற ஊரிலும் படம் ஓடுகிறது.  அவளைச் சபையில் வைத்துக் கேட்டது போதாதென்று இப்போது தியேட்டர் தியேட்டராய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி எங்கே திரும்பி வரப்போகிறாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பத்து மணிக்குப் போன் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. பதினொன்றரைக்கு வந்தது. பிரபுதான் பேசினான்.

"நேத்து படத்துக்குப் போயிருந்தோம்பா."

"யாரு யாரு?"

"எல்லாரும்தான். அம்மாவும்."

"சிரிச்சாளா?"

"நீங்களே கேளுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டான்.

தில்லை மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லை.

"தியேட்டரே சிரிச்சுது" என்றாள். "பேரன் சீட்டுல ஏறி நின்னுக்கிட்டுச் சிரிக்கிறான். எனக்கு மட்டும் அடுத்து என்ன சத்தம் வரும்னு முன்னாடியே தெரிஞ்சுது. தட்டு விழறதுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டேன்."

 மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை ஆறு மாதமாகத் தயாராகத்தான் வைத்திருந்தேன், ஒன்றுகூட வரவில்லை. வாயில் வேறு ஒன்று வந்தது. இந்த டைரியில்கூட எழுதாததைச் சொன்னேன்.

"தில்லை, ஷூட்டிங் அன்னைக்கு அந்த மூடியை யாரும் எடுக்கல."

"பின்ன?"

"மிக்ஸி ஜார்ல இருந்துது. காலையில நானே துருவிப் போட்டுட்டு, அரைக்க மறந்துட்டேன்."

"பதினாறு பேரை வச்சுக்கிட்டுக் குப்பையைக் கிளறினீங்களே, அது உங்க ஜார்லயேவா இருந்துது?"

"ஆமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"உன்கிட்டதான் சொல்றேன். போன வருஷமும் தப்பு என்னுதுதான். நீ சொன்னதுக்கப்புறம் நான் போய்ப் பாத்திருக்கக்கூடாது, தில்லை."

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். தியேட்டரில் பதினாறு பேர் சிரித்ததைவிட அதிக நேரம் சிரித்தாள். "பிரபு, இங்க வாடா, உங்கப்பா பண்ணினதைக் கேளு" என்று அவனைக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல போ" என்று அனுப்பிவிட்டாள்.

பிறகு என்னிடம், "அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். அந்தப் பெருங்காய டப்பால போட்ட கோட்டை அழிச்சு வைங்க" என்றாள்.

கோடு போட்டதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோடுகளை அழித்தேன். எண்ணெய்ப் பாட்டிலில் லேசாகத் தடம் தெரிகிறது, போகமாட்டேன் என்கிறது.

தில்லை மூன்று மணி பஸ்ஸில் வந்தாள். சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். உள்ளே வரும்போதே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். 

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் தேங்காய் உடைத்தாள். சத்தம் கேட்டேன். ஒரு மூடி துருவினாள். தண்ணீர் குடிக்கப் போனபோது ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இன்னொரு மூடி இல்லை.

மூடிவிட்டு வந்து பேப்பர் படித்தேன். ஒரே செய்தியை மூன்று முறை படித்தேன். பத்து மணிக்கு மறுபடி தண்ணீர் தாகம் எடுத்தது. அப்போதும் இல்லை. மிக்ஸி ஜாரைப் பார்க்கலாமா என்று நினைத்தேன், பார்க்கவில்லை. குப்பைவாளியின் பக்கம் திரும்பவே இல்லை. மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினேன். உலர்ந்த துணியையே மறுபடி உலர்த்தினேன். இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். கேட்கக்கூடாது என்று உறுதியாக இருந்தேன். இங்கே எழுதி வைக்கலாம், அதில் தவறில்லை என்று இந்த டைரியை எடுத்தேன்.

சமையலறையிலிருந்து தில்லையின் குரல் வந்தது.

"எதிர்வீட்டுக்குக் குடுத்தேங்க. அவங்க வீட்ல இன்னைக்கு அடை."

"நான் ஒண்ணும் கேக்கலையே!"

"தெரியும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருக்கற சத்தம் மாடியில இருந்து இங்க வரைக்கும் வருது."

பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். உள்ளே கரண்டியோ எதுவோ விழுந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.